பச்சை ஒளி தணியும் நேரம்

ஜெர்மனியின் தென்மேற்கில் இம்மென்டிங்கன் என்றொரு சிற்றூர். அதன் ஓரமாக டான்யூப் நதி ஓடுவதாக வரைபடம் சொல்கிறது. கோடையின் கடைசியில் நான் போய் நின்றபோது அங்கே நதி இல்லை. வெளுத்த கூழாங்கற்கள் பரந்து கிடந்த படுகையில் இறங்கி, பாதம் நனையாமல் அக்கரைக்கு நடந்தேன். பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு கருங்கடல் வரை போகும் நதியை இப்படிக் கடக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சற்று மேற்கே நடந்தால் தண்ணீர் இருக்கிறது. கரையோரப் பாறை இடுக்குகளில் சின்னச் சின்னச் சுழல்கள். குனிந்து காதைக் கொடுத்தால் உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள் நதி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் இப்படித்தானாம்.

இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது என்பது அந்தப் பக்கத்து மக்களுக்குப் பெரிய வழக்கு. கீழே டுட்லிங்கன் ஊர் ஆலைக்காரர்கள் ஓட்டைகளை அடைக்க வேண்டும் என்றார்கள். தெற்கே ஆக் என்ற ஊரில் பெரிய ஊற்று ஒன்று பொங்குகிறது. அதை நம்பி ஆலை நடத்தியவர்கள் அடைக்கக் கூடாது என்றார்கள். காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1877 அக்டோபரில் அடால்ஃப் க்னாப் என்ற நிலவியல் அறிஞர் வழக்கைத் தீர்க்க ஒரு வழி கண்டார். உப்போடு சேர்த்து 10 கிலோ ஃப்ளோரசீன் சாயத்தை டான்யூப் மறையும் இடத்தில் கொட்டினார். அந்தச் சாயம் பிறந்தே ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1871-இல் அடால்ஃப் ஃபொன் பையர் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. ஏறக்குறைய 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் மண்ணுக்கடியில் மலையைக் கடந்து ரைன் நதிக்குப் போகிறது என்று அன்று தெரிந்தது. பாறைக்குள் என்ன குகை, எத்தனை கிளை என்று யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஒளிரும் சாயத்தைப் போட்டார்கள், நேரத்தைக் குறித்தார்கள்.

நான் அந்த நாட்டுக்குப் போனது நாய், பூனைகளின் சிறுநீரகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள. என்னை முதலில் இந்த வறண்ட படுகைக்கு அழைத்து வந்தவர் ஒரு கால்நடை மருத்துவர். வேப்பேரி கல்லூரியில் படித்துவிட்டு ஆராய்ச்சிக்காக ஜெர்மனி வந்தவர். “இதைப் பாத்துட்டு அங்க வந்தா உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்காது சார்” என்றார். உண்மைதான். அடுத்த நாட்களில் நான் பார்த்த ஒவ்வொன்றுக்கும் இந்தப் படுகைதான் முன்னுரையாக இருந்தது.

சிறுநீரகமும் உள்ளே போய்ப் பார்க்க முடியாத இடம். இருதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. மனிதச் சிறுநீரகம் ஒன்றில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்வடிகட்டிகள். நாய்க்கு 4 லட்சம், பூனைக்கு 2 லட்சம்போல. நிமிடத்துக்கு எவ்வளவு நீர் இவற்றின் வழியாக வடிகிறது என்பதுதான் சிறுநீரகத்தின் உண்மையான வலு. நல்ல நிலையில் உள்ள நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 3, 4 மில்லி. பத்துக் கிலோ நாய் என்றால் ஒரு நாளில் 50 லிட்டருக்குப் பக்கம் வடித்து, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, கொஞ்சத்தை மட்டும் விளக்குக் கம்பத்தடியில் விட்டுவிட்டுப் போகிறது.

இந்த வடிகட்டும் வேகத்தை நேராக அளப்பதற்குப் பதிலாக, உலகெங்கும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் எவ்வளவு என்று பார்க்கிறோம். நாய் வளர்ப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதும் அதுதான்: “கிரியாட்டினின் எவ்வளவு வந்துது?” எங்கள் வீட்டு நாய் ஒரு மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் கண்டு படுத்தபோது நானும் அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டுதான் நம்பிக்கையும் பயமும் கொண்டேன். அந்த எண் எவ்வளவு தாமதமாகப் பேசும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களில் பாதிப் பேர் போய்விட்டாலும் மிச்சமிருப்பவர்கள் ஓடி ஓடிச் சமாளிப்பார்கள். இலையில் உட்கார்ந்தவருக்குக் குறை தெரியாது. சிறுநீரகமும் அப்படியே. வடிகட்டிகளில் நான்கில் மூன்று பங்கு போன பிறகே கிரியாட்டினின் கண்ணில் படும்படி ஏறுகிறது. பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் மூன்றில் ஒன்றுக்காவது நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை மருத்துவரிடம் வந்து சேரும்போது முக்கால் பந்தி காலி.

மன்ஹைம் நகரத்துக்கு ரயிலில் போனோம். எதிர் இருக்கைக்கடியில் ஒரு பெரிய நாய், வாய்மூடி போட்டுக்கொண்டு, தனக்கென வாங்கிய டிக்கெட்டோடு பயணம் செய்தது. பூனையைவிடப் பெரிய நாய்க்கு அந்த நாட்டு ரயிலில் டிக்கெட் எடுக்க வேண்டும். எனக்கு இது பிடித்திருந்தது. டிக்கெட் கேட்கும் நாடு அந்த உயிரையும் பயணி என்று ஒப்புக்கொள்கிறது.

மன்ஹைமின் நடுவூரில் தெருவுக்குப் பெயர் கிடையாது. எழுத்தும் எண்ணுமாகக் கட்டங்கள். சைக்கிளின் மூதாதையான ஓட்டவண்டியை 1817-இல் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய ஊர். நெக்கார் ஆற்றங்கரையில், ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் மன்ஹைம் மருத்துவப் புலம் இருக்கிறது. தோல் வழியாகச் சிறுநீரகத்தை அளக்கும் வேலையைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் நார்பர்ட் கிரெட்ஸ். அவருடைய குழு இங்கேதான் வேலை செய்தது. 2009-இல் எலிகளில் இது முடியும் என்று எழுதினார்கள். 2011-இல், மயக்க மருந்து கொடுக்காமல், விழித்துக்கொண்டு ஓடியாடும் எலியின் முதுகில் கருவியைக் கட்டி அளந்து காட்டினார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் சினிஸ்ட்ரின். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் கடல்வெங்காயத்தின் கிழங்கிலிருந்து எடுக்கும் ஒரு சர்க்கரைத் தொடர். நம் ஊர்த் தரிசில் முளைக்கும் நரிவெங்காயத்துக்கு நெருங்கிய உறவு. அந்தக் கிழங்கின் கதை விசித்திரமானது. பழங்காலத்திலிருந்தே உடம்பில் நீர் கோத்த வீக்கத்துக்கு மருந்து. அதிலுள்ள நஞ்சை எலி பாஷாணமாகவும் விற்றிருக்கிறார்கள். எலியைக் கொன்ற அதே கிழங்கின் சர்க்கரை எலியின் சிறுநீரகத்தை அளக்கவும் உதவியது. சினிஸ்ட்ரினுக்கு உடம்பில் வேறெந்த வேலையும் இல்லை. எரிந்து சக்தியாவதில்லை, செல்லுக்குள் போவதில்லை. சிறுநீரகத்தில் வடிகிறது, திரும்ப உறிஞ்சப்படாமல் அப்படியே வெளியேறுகிறது. வடிகட்டும் வேகத்தை அளக்க இதைவிட நாணயமான சாட்சி கிடைக்காது. 1930-களில் நியூயார்க்கில் ஹோமர் ஸ்மித் இதன் உடன்பிறப்பான இனுலினை வைத்துத்தான் மனிதச் சிறுநீரகத்தை அளந்தார். ஆனால் அந்த முறையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றி, குழாய் போட்டுச் சிறுநீரைப் பிடித்து, ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பூனையிடம் அதைச் செய்து பாருங்கள்.

மன்ஹைம்காரர்கள் சினிஸ்ட்ரினோடு ஃப்ளோரசீனைப் பிணைத்தார்கள். டான்யூபில் கொட்டிய சாயத்தின் குடும்பம்தான். நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். இனி ரத்தத்தை வெளியே எடுக்க வேண்டியதில்லை. தோலின் மேல் சிறு விளக்கை வைத்து நீல ஒளியை உள்ளே அனுப்பினால், தோலுக்கடியில் ஓடும் சினிஸ்ட்ரின் பச்சை ஒளியைத் திருப்பி அனுப்பும். சிறுநீரகம் அதை வெளியேற்ற வெளியேற்ற பச்சை தணியும். தணியும் வேகமே சிறுநீரகத்தின் வேகம்.

அந்தக் கருவியை மருத்துவர் என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் அகலம்தான். ஒரு பக்கம் இரண்டு சிறு எல்.இ.டி., நடுவில் ஒளியை உணரும் சில்லு, முதுகில் பேட்டரி. எடை இருப்பதே தெரியவில்லை. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனத்தில் இம்மென்டிங்கன் படுகையின் உறிஞ்சும் சத்தம்.

அங்கிருந்து வடக்கே கீஸன். லான் ஆற்றங்கரை ஊர். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்து திரும்பக் கட்டியதால் பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. நான் பார்த்த ஊர்களில் எனக்கு அதிக வியப்பைத் தந்தது இதுதான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தூண்கள் வைத்த ஒரு பழைய காவல் கட்டடம். 1824-இல் யூஸ்டுஸ் லீபிக் என்ற 21 வயது இளைஞர் இந்த ஊருக்கு வேதியியல் பேராசிரியராக வந்து, இதில்தான் ஆய்வுக்கூடம் அமைத்தார். மாணவர்களைத் தம் கையாலேயே சோதனை செய்யவைத்துக் கற்பிக்கும் முறை இங்கிருந்துதான் உலகமெங்கும் பரவியது. 1920-லிருந்து கட்டடம் அருங்காட்சியகம். உலைகளும் மரமேசைகளும் கண்ணாடிக் குமிழ்களும் அப்படியே இருக்கின்றன.

இந்த ஊரில் வேலை செய்த காலத்தில், 1847-இல், மாமிசச் சாற்றை ஆராய்ந்து லீபிக் எழுதியபோதுதான் கிரியாட்டினின் என்ற பெயர் பிறந்தது. இன்று உலகின் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் இருக்கும் அந்தச் சொல் இங்கே வைத்த பெயர். அதே ஆராய்ச்சியில் அவர் நரிகளையும் பார்த்தார். வேட்டையில் துரத்திக் கொன்ற நரியின் சதையில், கூண்டில் வளர்ந்த நரியின் சதையில் உள்ளதைப்போலப் பத்து மடங்கு கிரியாட்டின் இருப்பதாகக் கண்டார். கிரியாட்டின் சிதைந்து வருவதே கிரியாட்டினின். அது சதையின் பொருள், சதை உழைப்பின் பொருள் என்று முதல் நாளே தெரிந்திருக்கிறது. நாமோ அதைச் சிறுநீரகத்தின் கணக்காகவே படித்துப் பழகிவிட்டோம்.

அந்த மரமேசைக்கு முன்னால் நின்றபடி மருத்துவர் விளக்கினார். “கிரேஹவுண்டுக்கு சதை அதிகம் சார். கிட்னி நல்லா இருந்தாலும் கிரியாட்டினின் கூடத்தான் காட்டும். வயசான பூனைக்கு சதை வத்திப்போயிருக்கும். கிட்னி பாதி போனாலும் கிரியாட்டினின் நார்மல்னு வரும். இந்த ரெண்டு பேரையும் ஒரே தராசுல நிறுத்தி நாம ஏமாந்துட்டு இருக்கோம்.” குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் நியாயம் என்றே எனக்கும் பட்டது.

கீஸன் பல்கலைக்கழகத்துக்கு இப்போது லீபிக்கின் பெயர். ஜெர்மனியில் கால்நடை மருத்துவம் கற்பிக்கும் ஐந்து பல்கலைக்கழகங்களில் இது ஒன்று. இங்கிருந்த சிறுவிலங்கு மருத்துவப் பேராசிரியர் ரேட்டோ நைகரும் மன்ஹைமின் கிரெட்ஸும் மற்றவர்களும் சேர்ந்து 2014-இல் ஒரு முன்னோடி ஆய்வை வெளியிட்டார்கள். ஒளிரும் சினிஸ்ட்ரினைக் கொண்டு நாயையும் பூனையையும் தோல் வழியாக அளக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்று காட்டினார்கள். கிரியாட்டினினுக்குப் பெயர் வைத்த ஊரிலேயே, அதை விட்டு நகர்வதற்கான வழியும் நாய், பூனைகளுக்குத் திறந்தது. இதை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. அந்த ஊர்த் தெருக்களில் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றியதற்கு இதுவே காரணம்.

பயணத்தில் நான் கண்ணால் பார்த்த அளவீடு ஒரு பதின்மூன்று வயதுப் பூனைக்கு நடந்தது. மருத்துவர் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு, சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு, அதன் சொந்தக்காரரான ஒரு முதிய அம்மாள் கூடையில் தூக்கி வந்திருந்தார். சாம்பல் நிறம், முதுகெலும்பு துருத்திய உடம்பு. கிரியாட்டினின் 1.5. பூனைகளுக்கு 1.6 மில்லிகிராமுக்குக் கீழே என்றால், அனைத்துலகச் சிறுநீரக ஆர்வக் குழு வகுத்த முறைப்படி கவலைக்குரிய எண்ணே இல்லை. ஆனால் “முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறாள்” என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மார்பின் பக்கவாட்டில் சதுரமாக முடியை மழித்தார்கள். முடி ஒளியை மறைக்கும். இருபக்கமும் ஒட்டும் பட்டையால் கருவியைப் பொருத்தி, அறை வெளிச்சம் உள்ளே கசியாதபடி மேலே கட்டுத்துணி சுற்றினார்கள். சில நிமிடம் மருந்து கொடுக்காமலேயே கருவி ஓடியது. தோலுக்கென்று சொந்தமாகவும் கொஞ்சம் ஒளிர்வு உண்டு. அதை முதலில் பதிந்து பிறகு கழிக்க வேண்டும். அதன்பின் முன்காலில் ஒரே ஊசி. தோல் வழியாக அளப்பது என்றால் ஊசியே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். சினிஸ்ட்ரினை உள்ளே அனுப்ப ஒரு குத்து வேண்டும். அதற்குப் பிறகு குத்தே இல்லை என்பதுதான் விடுதலை. இப்போது பரவலாக உள்ள அயோஹெக்சால் என்ற பொருளைச் செலுத்தும் முறையில் மணிக்கணக்காகக் காக்க வைத்துத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பார்கள். கதிரியக்கப் பொருளைச் செலுத்திக் கேமராவில் பார்க்கும் முறையும் உண்டு. கதிர்வீச்சு குறையும்வரை விலங்கை வீட்டுக்கு அனுப்ப முடியாது. இந்தப் பூனையோ ஊசி முடிந்த கையோடு கூடைக்குள் ஏறி, அம்மாளின் சால்வை வாசனையில் சுருண்டு தூங்கிவிட்டது. அதன் விலாவில் ஒரு நீல விளக்கு துடித்துத் துடித்துக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது.

கருவியில் திரை எதுவும் இல்லை. எல்லாவற்றையும் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். நேரம் முடிந்ததும் பட்டையைப் பிரித்து, கணினியில் இணைத்த பிறகுதான் கோடு வந்தது. முதலில் சமதளம். ஊசி போட்ட கணத்தில் செங்குத்தான ஏற்றம். சினிஸ்ட்ரின் ரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் பரவும்போது ஒரு வேகமான இறக்கம். அதன்பின் சிறுநீரகத்தால் மட்டுமே நிகழும் நீண்ட, நிதானமான சாய்வு. மருத்துவர் அந்தச் சாய்வின்மேல் விரலை வைத்தார். நல்ல ஆரோக்கியத்தில் உள்ள பூனைகளின் கோட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். இந்தப் பூனையின் கோடு மெதுவாக இறங்கியது. 1.5 என்ற எண் மறைத்து வைத்திருந்ததை அம்மாளின் கண் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது. கோடு அவரோடு ஒத்துப்போனது. ஆராய்ச்சி முறையை மட்டும் நம்பி மருந்து தொடங்க முடியாது, அயோஹெக்சாலிலும் ஒருமுறை பார்த்துவிட்டு உணவை மாற்றலாம் என்று மருத்துவர் சொன்னார். கூடையின் அடியில் விரித்திருந்த துணியில் பூனை சிறுநீர் கழித்திருந்தது. நீல ஒளி விளக்கைப் பிடித்ததும் ஈரம் பச்சையாகச் சுடர்விட்டது. ஆக் ஊற்றின் பச்சை. நான் வாய்விட்டுச் சத்தம் போட்டுவிட்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. கறுத்த தோலில் ஒளி எப்படி உள்ளே போகும்? விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி கறுப்புத் தோலில் தவறாகக் கூட்டிக் காட்டுவது கோவிட் நாட்களில் பேசப்பட்டதே. கேட்டேன். மருத்துவர் சொன்ன விளக்கம் இந்தப் பயணத்தில் நான் கேட்டவற்றிலேயே அழகானது. கறுத்த தோல் ஒளியைக் குடிக்கும். கோடு முழுவதும் கீழிறங்கும். ஆனால் இங்கே அளப்பது எவ்வளவு பிரகாசம் என்பதை இல்லை. பாதியாகத் தணிய எவ்வளவு நேரம் என்பதைத்தான். மங்கலான கோடும் தெளிவான கோடும் பாதியாக ஒரே நேரம்தான் எடுக்கும். ரொம்பவே மங்கினால் கோட்டில் நடுக்கம் வரும், அதைச் சரிசெய்ய வேண்டும், அசைவும் குழப்பும். 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்துத் துறை மனிதர்களுக்கான இதேவகைக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. அதில் சினிஸ்ட்ரினுக்குப் பதில் ரெல்மாபிராசின் என்ற வேறொரு ஒளிரும் பொருள். வெளிர் தோல் முதல் அடர்ந்த கறுப்பு வரை பல நிறத்தவரிடம் பார்த்த பிறகே அது வந்தது. எலியின் முதுகில் தொடங்கியது இப்போது மனிதனின் மார்பில் ஒட்டப்படுகிறது. நாயும் பூனையும் நடுவில் நிற்கின்றன. அவற்றுக்கு இது இன்னும் தெருமுனைக் கிளினிக்குக்கு வரவில்லை. வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

கீஸன் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஊர் திரும்பி என்ன செய்யப்போகிறார் என்று மருத்துவரிடம் கேட்டேன். பட்டியல் தயாராக இருந்தது. சென்னை மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சலில் பிழைத்து எழும் நாய்களுக்குச் சிறுநீரகம் எவ்வளவு மிச்சம் என்று ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். ஜென்டாமைசின் போன்ற மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது. நம் புழுக்கத்தில் ஒட்டுப்பட்டை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

“ஆனா முதல்ல சிப்பிப்பாறை சார்” என்றார். “அதுவும் வேட்டை நாய், உடம்பெல்லாம் சதை. கிரேஹவுண்டு மாதிரியே கிரியாட்டினின் கூடத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். வெளிநாட்டு நாய்க்கு வச்ச அளவை வச்சு நல்லா இருக்கிற நாயை நோயாளின்னு சொல்லிடுவோம். ராஜபாளையத்துக்குத் தோல் ரோஸ் கலரு, ஒளி சுலபமாப் போயிடும். சிப்பிப்பாறைல கறுப்பும் உண்டு. ரெண்டுலயும் பத்துப் பத்து எடுத்து கோடு போட்டுப் பாத்துட்டா, நம்ம நாய்க்கு எது நார்மல்னு முதல்தடவையா நமக்கே ஒரு கணக்கு இருக்கும்.” எந்த ஊர்களில் யாரிடம் நல்ல நாய்கள் இருக்கின்றன என்று என்னிடமே விசாரிக்கத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த விருதுநகர்ப் பக்கத்து ஊர்களைச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்.